மரக்கதவுப் பூட்டு: வாங்குவது, பொருத்துவது, பழுது பார்ப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கதவு மாட்டுவதும் பூட்டு பொருத்துவதும் என் வேலை. கேட்கிறவர்கள் வேறு வேறு ஆட்கள், ஆனால் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுதான், அதனால் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பூட்டு தனியாக எதையும் காப்பாற்றாது. கதவு, கீல், நிலை மூன்றும் சரியாக இருந்தால்தான் அது பூட்டு. அதனால் நீங்கள் பூட்டைப் பற்றிக் கேட்ட இடத்தில் நான் கதவைப் பற்றியோ கீலைப் பற்றியோ பேசிக்கொண்டிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், அங்கேதான் விஷயம் இருக்கிறது.

சாவி ரொம்ப இறுக்கமாகத் திரும்புகிறது. பூட்டை மாற்ற வேண்டுமா?

அவசரப்படாதீர்கள். கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பிப் பாருங்கள். திறந்திருக்கும்போது வழுக்கிக்கொண்டு திரும்பி, சாத்தினால் மட்டும் முரண்டு பிடிக்கிறது என்றால் பூட்டில் ஒரு கோளாறும் இல்லை. பூட்டின் நாக்கு நிலையில் இருக்கும் ஓட்டைக்கு நேராகப் போகாமல் தகட்டில் இடிக்கிறது, அவ்வளவுதான். திறந்திருக்கும்போதும் இறுக்கமாக இருந்தால் அடுத்து மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். அது நன்றாகத் திரும்பினால் தேய்ந்துபோனது சாவி. இரண்டும் சரிப்படவில்லை என்றால்தான் பூட்டுக்குள் அழுக்கா, ஸ்பிரிங் போய்விட்டதா என்று பார்க்க வேண்டும்.

என் அக்கா வீட்டு முன்கதவில் ஒரே வருஷத்தில் இரண்டு முறை பூட்டை மாற்றியிருந்தார்கள். மூன்றாவது முறை நான் போய்ப் பார்த்தபோது நாக்கின் கீழ்ப்பக்கம் பளபளவென்று உரசித் தேய்ந்திருந்தது. நிலைத்தகட்டின் கீழ் விளிம்பிலும் அதே உரசல். மேல் கீலில் மூன்று ஸ்க்ரூவில் இரண்டு வெறுமனே சுற்றிக்கொண்டிருந்தன. அந்த இரண்டு ஸ்க்ரூவையும் சரி செய்ததும் கதவு 4 மி.மீ. மேலே ஏறியது, பூட்டு விரலால் திருப்பும் அளவுக்கு இலகுவானது. முதலில் கழற்றிய இரண்டு பூட்டுகளும் நல்ல பூட்டுகள்.

சரி, கீல் ஸ்க்ரூ பிடிக்காமல் சுற்றினால் என்ன செய்வது?

பெரிய ஸ்க்ரூ போட்டால் போதும் என்று நினைக்கத் தோன்றும். தடிமன் அதிகமான ஸ்க்ரூ கீலின் குழியில் முழுசாக உட்காராமல் தலை துருத்திக்கொண்டு நிற்கும், அப்புறம் கதவு சாத்தும்போது கீலே முட்டும். தடிமன் அதேதான் வேண்டும், நீளம் மட்டும் கூட்டலாம். மரம் உள்ளே நொறுங்கிப் போயிருந்தால் ஓட்டையை 8 அல்லது 10 மி.மீ. பிட்டால் சுத்தமாகத் துளைத்து, கெட்டியான மரத்தில் உருட்டிச் சீவிய ஆப்பை மரப்பசை தடவி அடித்து, ஒரு நாள் காயவிட்டு, மட்டமாகச் செதுக்கி, சின்ன பிட்டால் வழி போட்டு மறுபடி ஸ்க்ரூ ஏற்றுங்கள். அவசரத்துக்குப் பசை தோய்த்த குச்சிகளை அடைத்தாலும் பிடிக்கும், ஆனால் கனமான வாசற்கதவுக்கு அது தாங்காது. வேலை நடக்கும்போது கதவுக்கு அடியில் ஆப்பு கொடுத்துத் தாங்கி வையுங்கள், இல்லாவிட்டால் மீதி ஸ்க்ரூக்களும் பிய்ந்துகொண்டு வரும்.

மழைக்காலத்தில் மட்டும் பூட்ட முடியவில்லை, வெயில் வந்தால் சரியாகிவிடுகிறது. இது ஏன்?

மரம் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து உப்பும், காய்ந்தால் சுருங்கும். நீளவாக்கில் இது இருக்கிற இடமே தெரியாது, அகலவாக்கில்தான் தெரியும். அதனால் கதவு உயரத்தில் மாறாமல் அகலத்தில் வளர்ந்து நிலையை முட்டும். நனைந்திருக்கும்போதே இழைப்புளி எடுத்து நிறையச் சீவிவிட்டால் வறண்ட காலத்தில் காற்று வரும் அளவுக்கு இடைவெளி விழுந்து, நாக்கு நிலைக்குள் போகும் ஆழமும் குறைந்துபோகும். முட்டுகிற இடத்தில் மட்டும் லேசாகச் சீவுங்கள். சுற்றிலும் 2 முதல் 3 மி.மீ. இடைவெளி போதும்.

முக்கியமானது அதற்கு அப்புறம் வருகிறது. சீவிய இடம் பூச்சு இல்லாத வெறும் மரம். அதற்குப் பெயிண்டோ வார்னிஷோ கொடுக்காமல் விட்டால் அடுத்த மழைக்கு இன்னும் அதிகமாக ஈரம் குடிக்கும். கதவின் மேல் விளிம்பும் கீழ் விளிம்பும் பல வீடுகளில் ஒரு கோட்டுக்கூட வாங்காமலே இருக்கின்றன, யாரும் எட்டிப் பார்க்காத இடம் என்பதால். ஈரம் அங்கேதான் நுழைகிறது.

எந்த வகைப் பூட்டு வாங்குவது?

கதவின் கனத்தைப் பார்த்துத்தான் சொல்ல முடியும். கதவின் விளிம்பில் பொந்து வெட்டி உள்ளே இறக்குவது மார்ட்டிஸ் பூட்டு. பெட்டி முழுசாக மரத்துக்குள் இருப்பதால் பார்க்கவும் நன்றாக இருக்கும், வெளியிலிருந்து கழற்றவும் வழி கிடையாது. ஆனால் அதற்கு இடம் வேண்டும். கதவுச் சட்டம் குறைந்தது 35 மி.மீ. கனமாவது இருக்க வேண்டும், 40க்கு மேல் இருந்தால் நிம்மதி. பொந்தின் அகலம் கதவின் கனத்தில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது தச்சர்களின் பழைய கணக்கு, ரொம்ப நல்ல கணக்கு. அதை மீறினால் இரண்டு பக்கமும் நிற்கிற மரம் அட்டை மாதிரி ஆகிவிடும், ஒரே உதையில் பிளக்கும்.

கதவு மெல்லியதாக இருந்தால் உள்பக்கம் மேலாகப் பொருத்தும் ரிம் பூட்டு நல்லது. அதற்கு மரத்தில் ஒரு வட்ட ஓட்டை மட்டும் போதும், வழக்கமாக 32 மி.மீ. பழைய கதவுகளின் பலத்தைக் கெடுக்காமல் பூட்டு வைக்க இதைவிடச் சுலபமான வழி இல்லை. குமிழ்ப் பிடியிலேயே சாவித்துவாரம் இருக்கிற பூட்டுகள் உள் அறைகளுக்குப் போதும், வாசற்கதவுக்கு அதை மட்டும் நம்பாதீர்கள். குமிழை ஒரு பெரிய குறடு கொண்டு முறுக்கினாலே பல மாடல்கள் கையோடு வந்துவிடும்.

ஆல்ட்ராப்பும், அதாவது தொங்கு பூட்டு மாட்டுகிற பெரிய தாழ்ப்பாளும், தொங்கு பூட்டும் போட்டால் அதிலும் தப்பில்லை. ஆனால் ஆல்ட்ராப்பை ஸ்க்ரூவில் நிறுத்தாமல் கதவின் மறுபக்கம் வரை போகும் போல்ட்டும் நட்டும் போட்டு இறுக்குங்கள், நட்டு உள்பக்கம் வர வேண்டும். நாதாங்கியும் அப்படியே. பூட்டின் வளையம் எவ்வளவு தடியாக இருந்தாலும் நாதாங்கி நான்கு சின்ன ஸ்க்ரூவில் தொங்கிக்கொண்டிருந்தால் ஒரு கடப்பாரை போதும்.

லாட்ச், டெட்போல்ட் என்கிறார்களே, என்ன வித்தியாசம்?

கதவைத் தள்ளினால் தானாக விழுவது லாட்ச். அதன் நாக்கு ஒரு பக்கம் சாய்வாக இருக்கும், பின்னால் ஸ்பிரிங் தள்ளும். ஸ்பிரிங் தள்ளுகிற எதையும் வெளியிலிருந்து திருப்பியும் தள்ளலாம், ஒரு மெல்லிய பிளாஸ்டிக் அட்டை இடைவெளியில் நுழைந்தால் போதும். டெட்போல்ட்டின் நாக்கு சதுரமாக இருக்கும், சாவியோ உள்பக்கத் திருகியோ திருப்பினால்தான் நகரும். அதனால் கதவைச் சாத்திவிட்டு வந்ததைப் பூட்டியதாக நினைக்கக் கூடாது, சாவியைத் திருப்ப வேண்டும்.

சில லாட்ச்களில் நாக்குக்குப் பக்கத்தில் இன்னொரு சின்ன முளை இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். கதவு சாத்தியிருக்கும்போது அந்த முளை தகட்டின் மேல் அழுந்தி உள்ளே போயிருக்க வேண்டும். அப்படி அழுந்தியிருந்தால்தான் நாக்கை அட்டையால் தள்ள முடியாதபடி பூட்டு பிடித்துக்கொள்ளும். தகட்டின் ஓட்டை பெரிதாகி அந்த முளையும் ஓட்டைக்குள்ளேயே விழுந்துவிட்டால் அந்தப் பாதுகாப்பு சுத்தமாகப் போய்விடும். இந்தத் தவறை நான் புதுக் கதவுகளிலேயே நிறையப் பார்க்கிறேன், இன்றைக்கே உங்கள் கதவைப் போய்ப் பாருங்கள்.

எத்தனை லீவர், எத்தனை பின் இருந்தால் நல்லது?

பூட்டுக்குள் சாவி தூக்குகிற தகடுகள் லீவர், சாவி நுழைகிற உருளைக்குள் (அதுதான் சிலிண்டர்) சாவி தூக்குகிற சின்னக் கம்பிகள் பின். லீவர் பூட்டு என்றால் வாசற்கதவுக்கு 5 லீவருக்குக் குறைய வேண்டாம், பின் வைத்த சிலிண்டர் என்றால் 5 அல்லது 6 பின். எண்ணிக்கையைவிட நாக்கு எவ்வளவு நீளம் வெளியே வருகிறது என்பதை நான் முதலில் பார்ப்பேன். பிரிட்டன் தரவிதியான பி.எஸ். 3621 நாக்கு 20 மி.மீ. வெளியே வர வேண்டும் என்கிறது, அமெரிக்கத் தரவரிசையில் மேல்படியான முதல் கிரேடு டெட்போல்ட்டில் இது ஓர் அங்குலம், அதாவது சுமார் 25 மி.மீ. கடையிலேயே சாவியைத் திருப்பி அளவுகோல் வைத்துப் பாருங்கள். 10, 12 மி.மீ. மட்டும் வருகிற நாக்கில் கதவுக்கும் நிலைக்கும் நடுவே உள்ள 3 மி.மீ. இடைவெளியைக் கழித்தால் நிலைக்குள் போவது ரொம்பக் கொஞ்சம், கதவை நெம்பினால் வழுக்கி வெளியே வந்துவிடும்.

உள்பக்கமும் சாவி போடுகிற மாதிரி வாங்கினால் இன்னும் பாதுகாப்பு இல்லையா?

இதில் நான் கறாராகத்தான் பேசுவேன். ஆள் படுத்துத் தூங்குகிற வீட்டில், வெளியேற வேறு வழி இல்லாத கதவில், உள்பக்கம் சாவி இல்லாமல் திறக்க முடியாத பூட்டு வேண்டாம். நடுராத்திரி புகையில், இருட்டில், சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிற அந்த ஒரு நிமிஷம் உயிரை எடுத்துவிடும். உள்பக்கம் கையால் திருகித் திறக்கிற மாதிரி வாங்குங்கள். கதவில் கண்ணாடி இருக்கிறது, அதை உடைத்துக் கையை விட்டுத் திருகிவிடுவார்களே என்று கேட்பவர்கள் உண்டு, நியாயமான பயம்தான். அதற்குக் கண்ணாடியைப் பலமானதாக மாற்றுங்கள், இல்லை உள்பக்கம் கிராதி போடுங்கள். மனிதர்களை உள்ளே வைத்துப் பூட்டுவது அதற்குத் தீர்வே அல்ல.

குளியலறைக் கதவுக்கு, வெளிப்பக்கம் நாணயத்தால் திருப்பித் திறக்கும் வெட்டு இருக்கிற பூட்டாகப் பாருங்கள். குழந்தை உள்ளே தாழ் போட்டுக்கொள்ளும், பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள், அப்போது கதவை உடைக்க வேண்டியிருக்காது.

பழைய பூட்டைக் கழற்றிவிட்டு அதே இடத்தில் புதுசு போட வேண்டும். என்னென்ன அளவு எடுப்பது?

பழைய பூட்டையே கையில் எடுத்துக்கொண்டு கடைக்குப் போவதுதான் நல்லது. முடியாவிட்டால் இவற்றை எழுதிக்கொள்ளுங்கள்: பெட்டியின் உயரம், ஆழம், கனம். விளிம்பில் தெரியும் முகத்தகட்டின் நீளமும் அகலமும். விளிம்பிலிருந்து சாவித்துவாரத்தின் நடு வரை உள்ள தூரம், இதைக் கடையில் பேக்செட் என்பார்கள். கைப்பிடியின் சதுரக் கம்பி நடுவிலிருந்து சாவித்துவார நடு வரை உள்ள இடைவெளி, இது பெரும்பாலும் 72, 85, 92 மி.மீ. என்று இருக்கும். கதவின் கனம். கதவு எந்தப் பக்கம் திறக்கிறது என்பதும் வேண்டும். கதவு எந்தப் பக்கம் திறந்தாலும் நாக்கைத் திருப்பிப் போட்டுக்கொள்ளும் வசதி நிறையப் பூட்டுகளில் உண்டு, எல்லாவற்றிலும் கிடையாது. இதில் ஓர் அளவு மாறினாலும் மரத்தில் பழைய ஓட்டையும் புது ஓட்டையும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கும், மூடித்தகடு இரண்டையும் மறைக்காது.

சிலிண்டர் மட்டும் மாற்ற வேண்டும், அதற்கு எப்படி அளப்பது?

முகத்தகட்டில் சிலிண்டருக்கு நேராக ஒரு நீளமான ஸ்க்ரூ இருக்கும், அதைக் கழற்றுங்கள். சாவியைப் போட்டு லேசாக, கடிகாரத்தில் 12லிருந்து 1 வரை போகும் அளவு திருப்பினால் சிலிண்டரின் நடுவில் துருத்தி நிற்கிற, நாக்கை நகர்த்தும் பல் சிலிண்டர் உடம்போடு ஒட்டிக்கொள்ளும், சிலிண்டர் வழுக்கி வெளியே வரும். வரவில்லை என்றால் இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம், இந்தப் பக்கம். சுத்தியல் வேண்டாம். வெளியே எடுத்ததும் ஸ்க்ரூ ஓட்டையின் நடுவிலிருந்து இரண்டு முனைக்கும் தனித்தனியாக அளவெடுங்கள், 30க்கு 30, 35க்கு 45 என்று சொல்லி வாங்க வேண்டும். எந்த அளவு வெளிப்பக்கம் என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

வெளிப்பக்கம் சிலிண்டர் மூடித்தகட்டுக்கு மேலே 3 மி.மீ.க்கு அதிகமாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. இந்த வகைச் சிலிண்டரின் பலவீனமான இடம் அந்த ஸ்க்ரூ ஓட்டைதான், அங்கே உலோகம் ரொம்ப மெல்லியது. வெளியே பிடிக்கக் கொஞ்சம் இடம் கிடைத்தால் அங்கேயே ஒடித்துவிடலாம். இதற்கென்றே முன்பகுதி மட்டும் ஒடிந்து மீதி நின்றுவிடும்படி செய்த சிலிண்டர்கள் வருகின்றன, வாசற்கதவுக்கு அதையே கேளுங்கள். உள்ளே சாவி மாட்டியிருந்தாலும் வெளியிலிருந்து மாற்றுச் சாவியால் திறக்கும் வகையும் உண்டு, வயதானவர்கள் தனியாக இருக்கும் வீட்டுக்கு அதுதான் சரி.

மார்ட்டிஸ் பூட்டை நானே பொருத்தலாமா?

உளி பிடிக்கத் தெரிந்தால் தாராளமாக. ஒரு பாதி நாள் ஒதுக்குங்கள், கதவு ஆடாமல் இரண்டு பக்கமும் ஆப்பு கொடுத்து நிறுத்திவிடுங்கள். தரையிலிருந்து கைப்பிடி 900 முதல் 1050 மி.மீ. உயரத்துக்குள் வருகிற மாதிரி இடம் பாருங்கள். சட்டமும் பலகையும் சேர்த்த கதவில் நடுக் குறுக்குச் சட்டம் நெடுஞ்சட்டத்தில் வந்து சேருகிற இடத்தைத் தவிர்க்க வேண்டும். அங்கே உள்ளே கூர்முனைப் பொருத்து, அதாவது குறுக்குச் சட்டத்தின் முனை நெடுஞ்சட்டத்துக்குள் செருகிய இணைப்பு, இருக்கும், அதை வெட்டி எடுத்துவிட்டுப் பூட்டு வைத்தால் கதவின் எலும்பையே எடுத்த மாதிரி. கொஞ்சம் மேலேயோ கீழேயோ தள்ளி வையுங்கள்.

விளிம்பின் நடுவில் ஒரு கோடு போடுங்கள். பெட்டியை வைத்து மேலும் கீழும் குறியுங்கள். பெட்டியின் கனத்தைவிட 1 மி.மீ. பெரிய பிட் எடுத்து, ஆழத்துக்குப் பிட்டில் ஒரு டேப் சுற்றிக்கொண்டு, கோட்டின் மேல் வரிசையாகத் துளைகள் போடுங்கள். ட்ரில்லை நேராகப் பிடிப்பதில்தான் மொத்த வேலையும் இருக்கிறது. கொஞ்சம் சாய்ந்தாலும் ஆழம் போகப் போகச் சாய்வு பெரிதாகி, பூட்டுப் பெட்டி கோணலாக உட்கார்ந்து சாவித்துவாரம் ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். பக்கவாட்டில் நின்று பார்க்க ஓர் ஆளை வைத்துக்கொள்ளுங்கள். துளைகளுக்கு நடுவே நிற்கும் மரத்தை உளியால் செதுக்கும்போது கனமாக அடிக்க வேண்டாம், கொட்டாப்புளியால் தட்டித் தட்டி எடுங்கள். பெட்டி கையால் தள்ளினாலே உள்ளே போக வேண்டும், அடித்து இறக்குகிற மாதிரி இருந்தால் பொந்து இன்னும் பெரிதாக வேண்டும். இறுக்கி ஏற்றிய பெட்டி உள்ளே நசுங்கி, முதல் நாளிலிருந்தே சாவி முரண்டும்.

முகத்தகட்டுக்கான பள்ளத்தை மட்டும் பென்சிலால் குறிக்காதீர்கள், கூர்மையான கத்தியால் கீறுங்கள். பென்சில் கோட்டுக்கே அரை மி.மீ. அகலம் இருக்கும், எந்த ஓரத்தில் வெட்டினோம் என்று தெரியாமல் பிசகும். கத்திக் கீறலில் உளியின் முனை தானாகப் போய் உட்காரும், மரத்தின் நாரும் அந்தக் கோட்டோடு நின்றுவிடும், வெளியே பிய்ந்து வராது. உளியின் சாய்வுப் பக்கம் பள்ளத்தைப் பார்த்து இருக்கட்டும். 2, 3 மி.மீ. ஆழம்தான், மெல்லிய சீவல் சீவலாக எடுத்துத் தகட்டை வைத்து வைத்துப் பாருங்கள். தகட்டின் மேல் விரலை ஓட்டினால் மரத்துக்கும் உலோகத்துக்கும் நடுவே விரல் தடுக்கக் கூடாது.

சாவித்துவாரத்துக்கு, பூட்டைக் கதவின் முகப்பில் சாய்த்து, முகத்தகடு விளிம்போடு சமமாக நிற்கும்படி பிடித்து, ஓட்டை வழியே ஊசியால் குத்திக் குறியுங்கள். இரண்டு பக்கத்திலிருந்தும் பாதிப் பாதி துளையுங்கள், ஒரே பக்கத்திலிருந்து துளைத்தால் மறுபக்கம் மரம் சிதறும். ஸ்க்ரூ போடுவதற்கு முன் சாவியைத் திருப்பிப் பாருங்கள், போட்ட பிறகும் பாருங்கள். ஸ்க்ரூ இறுக்கிய பின் மட்டும் இறுக்கம் வந்தால் பெட்டி வளைந்துகொண்டிருக்கிறது, பொந்தின் பக்கச் சுவரில் எங்கோ ஒரு மேடு இருக்கும், தேடி எடுத்துவிடுங்கள்.

பித்தளை ஸ்க்ரூ போடுவதாக இருந்தால் அதே அளவு இரும்பு ஸ்க்ரூவை முதலில் ஏற்றி இறக்கி வழி பண்ணிக்கொண்டு அப்புறம் பித்தளையைப் போடுங்கள், கெட்டி மரத்தில் பித்தளை பாதியில் ஒடியும். ஓக் மரத்தில் சாதாரண இரும்பு ஸ்க்ரூ கூடாது, அந்த மரத்தின் புளிப்பு இரும்பை அரித்து மரத்தையும் கறுப்பாக்கிவிடும்.

ஃப்ளஷ் கதவில் (இரண்டு பக்கமும் வழவழப்பான பலகை ஒட்டிய கதவு) எங்கே வேண்டுமானாலும் பூட்டு வைக்கலாமா?

கூடாது. உள்ளே வெற்றிடமாக இருக்கிற கதவுகளில் பூட்டுக்கென்று ஒரு மரக்கட்டை ஒரு பக்கத்திலோ இரண்டு பக்கத்திலோ வைத்திருப்பார்கள். தட்டிப் பாருங்கள், கட்டை இருக்கும் இடத்தில் சத்தம் கெட்டியாகக் கேட்கும். தீத்தடுப்புக் கதவாக இருந்தால் நீங்களாக எதையும் வெட்டாதீர்கள், ஒரு பொந்து தப்பாகப் போனால் அது தீத்தடுப்புக் கதவாகவே இருக்காது.

நிலையில் வைக்கும் ஸ்ட்ரைக் பிளேட்டுக்கு, அதாவது நாக்கு நுழைகிற தகட்டுக்கு, அவ்வளவு முக்கியத்துவம் வேண்டுமா?

பூட்டைவிட அதிகம் வேண்டும் என்பேன். கதவை உதைத்துத் திறக்கும்போது பூட்டு உடைவது குறைவு, நிலை பிளந்து நாக்கு வெளியே வருவதுதான் வழக்கம். பெட்டியோடு வருகிற 15 மி.மீ. ஸ்க்ரூவைத் தூக்கிப் போட்டுவிட்டு, நிலையின் உள்மரம் வரை போகும் நீளமான ஸ்க்ரூ போடுங்கள், 75 மி.மீ. என்றால் அருமை. தகடும் நீளமாக இருக்கட்டும். ஸ்க்ரூ ஓட்டைகள் ஒரே நேர்கோட்டில் இல்லாமல் மாறி மாறி இருக்கும் தகடு நல்லது, ஏனென்றால் மரத்தின் ஒரே நார் வரிசையில் நாலு ஸ்க்ரூ ஏறினால் அங்கேயே பிளவுக்குக் கோடு கிழித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

எங்கே வைப்பது என்று கண்டுபிடிக்க, நாக்கின் முனையில் சுண்ணக்கட்டி தேய்த்துக் கதவைச் சாத்திச் சாவியைத் திருப்புங்கள், நாக்கு நிலையில் முட்டிய இடத்தில் வெள்ளையாகப் பதியும். ஓட்டையை நாக்கு முழுசாக வெளியே வரும் ஆழத்துக்கு வெட்டுங்கள். ஆழம் போதாமல் நாக்கு முக்கால்வாசியில் நின்றுவிடும் கதவுகள் ஏராளம், பூட்டிவிட்டோம் என்று நினைத்துக்கொண்டு போய்விடுவார்கள்.

எங்களுடையது இரட்டைக் கதவு. பூட்டினாலும் ஆடுகிறதே?

பூட்டு பிடித்துக்கொண்டிருப்பது இன்னொரு கதவை. அந்தக் கதவே ஆடினால் பூட்டு என்ன செய்யும்? நின்றுகொண்டிருக்க வேண்டிய கதவுக்கு மேலே ஒன்று, கீழே ஒன்று என்று தாழ்ப்பாள் போட்டு, மேல் நிலையிலும் தரையிலும் ஆழமாக இறங்கும்படி செய்யுங்கள். தரையிலுள்ள குழியில் தூசி அடைந்து தாழ்ப்பாள் பாதிதான் இறங்கும், மாதம் ஒரு முறை குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

பூட்டுக்குத் தேங்காய் எண்ணெய் விடலாமா? தையல் மெஷின் எண்ணெய்?

சாவித்துவாரத்துக்குள் எந்தத் திரவ எண்ணெயும் வேண்டாம். இரண்டு நாள் அருமையாகத் திரும்பும், அப்புறம் தூசி ஒட்டி ஒட்டிப் பசையாகிப் பின்கள் மேலே ஏறாமல் மாட்டிக்கொள்ளும். சமையல் எண்ணெய் இன்னும் மோசம், சிக்குப் பிடித்துவிடும். துரு நீக்கும் ஸ்பிரே மாட்டிக்கொண்டதை விடுவிக்கும், ஆனால் அது தொடர்ந்து வழுவழுப்பைக் கொடுக்காது. கிராஃபைட் பொடியோ உலர்ந்த டெஃப்லான் ஸ்பிரேயோ போடுங்கள். ஏற்கெனவே எண்ணெய் விட்ட பூட்டில் கிராஃபைட் போட்டால் கரிச்சேறு மாதிரி ஆகும், முதலில் கழுவிக் காயவிடுங்கள். கையில் ஒன்றும் இல்லையா, மெத்தென்ற பென்சிலைச் சாவியின் பற்களில் நன்றாகத் தேய்த்து உள்ளே விட்டு எடுங்கள், நாலைந்து முறை. பென்சில் முனையும் கிராஃபைட்தான்.

நாக்கின் பக்கங்களிலும் கீலிலும் கொஞ்சம் கிரீஸ் தடவலாம், அங்கே தப்பில்லை.

சாவி உள்ளேயே உடைந்துவிட்டது!

பசையை ஒட்டி இழுக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், பூட்டும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும். துண்டு எந்த நிலையில் நிற்கிறது என்று பாருங்கள். சாவியைச் செருகும்போது இருக்கும் நிலையில் ஓட்டை நின்றால்தான் துண்டு வெளியே வரும். திரும்பியிருந்தால் சின்னத் திருப்புளி முனையால் மெதுவாகப் பழைய நிலைக்குக் கொண்டுவாருங்கள். கொஞ்சம் உலர் ஸ்பிரே அடியுங்கள். மெல்லிய அறுவைவாள் தகட்டின் ஒரு துண்டை, பற்கள் வெளிப்பக்கம் பார்க்கும்படி சாவியின் பல்லோரமாக நுழைத்து, லேசாகத் திருப்பி இழுங்கள். கொக்கி மாட்டிய மாதிரி பற்றிக்கொண்டு வரும். ஒரே தடவையில் வராது, பொறுமையாக நாலு முறை செய்யுங்கள். அந்தத் துண்டைத் தூக்கிப் போடாதீர்கள், இரண்டையும் சேர்த்து வைத்தே புதுச் சாவி வெட்டித் தருவார்கள்.

சும்மா சாவி உடையாது. பல நாள் முறுக்கி முறுக்கித் திறந்திருப்பீர்கள். இந்தப் பக்கத்தின் முதல் கேள்விக்குப் போய்க் கதவைச் சோதியுங்கள்.

கைப்பிடி தொங்குகிறது, மேலே திரும்ப வரவில்லை.

கைப்பிடியின் கழுத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும், அது தளர்ந்திருந்தால் இறுக்கினால் முடிந்தது. அது சரியாக இருந்தும் தொங்கினால் பெட்டிக்குள் இருக்கும் ஸ்பிரிங் ஒடிந்திருக்கும். பெட்டியைக் கழற்றி மூடியைத் திறக்கும் முன் ஒரு போட்டோ, திறந்ததும் எதையும் தொடும் முன் இன்னொரு போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். லீவர்கள் வரிசை மாறினால் சாவி சேராது. லீவர்களை மண்ணெண்ணெயில் கழுவி, துடைத்து, காய வைத்து உலர்ந்தபடியே திரும்ப அடுக்குங்கள், நாக்கு ஓடும் தடத்தில் மட்டும் துளி கிரீஸ்.

சாவி தொலைந்துவிட்டது, அல்லது குடியிருக்கப் புது வீட்டுக்கு வந்திருக்கிறோம். முழுப் பூட்டையும் மாற்ற வேண்டுமா?

சிலிண்டர் வகையாக இருந்தால் சிலிண்டர் மட்டும், பத்து நிமிஷ வேலை. லீவர் பூட்டில் லீவர்களை மாற்றி அடுக்கிப் புதுச் சாவி வெட்டிக் கொடுக்கப் பூட்டுக்காரரால் முடியும். புதிதாகக் குடிவந்தவர்கள் இதைக் கட்டாயம் செய்யுங்கள், முன்பு இருந்தவர்கள் எத்தனை சாவி யார் யாரிடம் கொடுத்தார்கள் என்று அவர்களுக்கே தெரியாது. நகல் எடுக்கும்போது முதல் சாவியிலிருந்து எடுங்கள். நகலின் நகலில் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் பிசகு கூடிக்கொண்டே போகும்.

கம்பி விட்டுத் திறக்க முடியாத பூட்டு உண்டா?

திறமையும் நேரமும் இருந்தால் திறந்துவிடலாம். 1851இல் லண்டன் பெருங்கண்காட்சி நடந்த சமயம் ஆல்ஃபிரட் ஹாப்ஸ் என்ற அமெரிக்கப் பூட்டுக்காரர், அதுவரை யாரும் திறக்காத பிராமா பூட்டைத் திறந்து காட்டினார், ஆனால் அதற்கு அவருக்கு 16 நாட்களில் ஐம்பது மணி நேரத்துக்கு மேல் பிடித்தது. இன்று நாம் பயன்படுத்தும் பின் சிலிண்டர் வடிவத்துக்கு லைனஸ் யேல் 1861இல் காப்புரிமை வாங்கினார், அடிப்படை இன்னும் அதேதான். திருட வருகிறவனுக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. அவன் கடப்பாரையோடு வருவான், நிலையைத்தான் பார்ப்பான்.

நிலை ஏற்கெனவே பிளந்துவிட்டது. மொத்த நிலையையும் மாற்ற வேண்டுமா?

பிளவு நாரோடு நீளமாக ஓடி, துண்டு முழுசாக இருந்தால் வேண்டாம். பிளவை விரித்து உள்ளே பசை நன்றாகப் போகும்படி கொடுத்து, கிளாம்ப் போட்டு ஒரு நாள் இறுக்கி வையுங்கள். அதன் மேல் நீளமான தகடு வைத்து, ஸ்க்ரூக்கள் பிளவுக்கு அப்பால் உள்ள நல்ல மரத்தில் ஏறும்படி போட்டால் பழையதைவிடப் பலமாக நிற்கும். மரம் சுக்குநூறாகியிருந்தால் அந்தப் பகுதியை மட்டும் சதுரமாக வெட்டி எடுத்து அதே வகை மரத்துண்டு பதிக்கலாம். கறையான் அரித்த நிலைக்கு இது எதுவும் பலிக்காது, மாற்றத்தான் வேண்டும்.

எலக்ட்ரானிக் பூட்டு போடலாமா?

போடலாம், ஆனால் கதவைச் சரி செய்த பிறகு. நம் கை இறுக்கத்தை உணர்ந்து கதவைக் கொஞ்சம் இழுத்துப் பிடித்துச் சாவியைத் திருப்பும். மோட்டாருக்கு அது தெரியாது, நாக்கு தகட்டில் இடித்தால் முக்கி முக்கிப் பாட்டரியைத் தீர்த்துவிட்டு நின்றுவிடும். நாக்கு எதையும் தொடாமல் உள்ளே போய் வர வேண்டும். சாவியாலும் திறக்கிற வகையாக வாங்கி, அந்தச் சாவியை வீட்டுக்கு வெளியே நம்பிக்கையானவர்களிடம் கொடுத்து வையுங்கள்.

கதவுக்குப் பெயிண்ட் அடிக்கப் போகிறோம், பூட்டைக் கழற்ற வேண்டுமா?

கழற்றிவிடுங்கள். டேப் ஒட்டி அடித்தாலும் நாக்கின் ஓரத்தில் பெயிண்ட் இறங்கி, காய்ந்ததும் லாட்ச் பாதியில் நின்றுபோகும். கழற்றின கையோடு பொந்துக்குள் டார்ச் அடித்துப் பாருங்கள். மரம் ஈரமாகவோ கறுத்தோ இருந்தால் மழைத் தண்ணீர் எங்கிருந்தோ இறங்குகிறது என்று அர்த்தம், அதைக் கண்டுபிடித்து அடைத்து, நன்றாகக் காயவிட்டு, பொந்தின் உள்பக்கமும் ஒரு கோட் கொடுத்துவிட்டுப் பூட்டைத் திரும்ப ஏற்றுங்கள். ஸ்க்ரூவை ஏற்றும் முன் ஒரு சோப்புக் கட்டியில் தேய்த்துக்கொண்டால் மரத்தைப் பிளக்காமல் சுலபமாக இறங்கும்.